மூலையில் வரைந்த டீ கிளாஸ்

வாங்க தம்பி, உக்காருங்க. மாடியப் பாத்துட்டீங்களா? காத்து நல்லா வருமுங்க. மேக்கால சன்னலத் தொறந்து வெச்சா மலை தெரியும். ரெண்டு ரூமு, சமையக்கட்டு, பாத்ரூம் தனி. எட்டு மாசமா சும்மாதான் கெடக்குது. காப்பி குடிச்சுட்டுப் போலாம், அவ உள்ள வெச்சுட்டு இருக்கறா. இடுப்புல பிளேட்டு வெச்ச ஆளு, மெதுவாத்தான் வருவா.

என்ன கேட்டீங்க? கொக்கியா? ஆமாங்க, பூசணிக்காய் கட்டறதுக்குன்னு அடிச்ச கொக்கிதான். தெருவுல எல்லா ஊட்லயும் கண்ணும் பல்லும் வரஞ்ச திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குது, உங்க ஊட்ல மட்டும் வெறுங்கொக்கியா இருக்குதேன்னு பாத்தீங்களா. நெம்பப் பேரு கேட்டுட்டாங்க. ஆணி ஆடுதுன்னு சொல்லி அனுப்பிச்சிருவேன். உங்ககிட்ட என்னமோ சொல்லலாம்னு தோணுதுங்க. நீங்க குடி வந்தாலுஞ் சரி, வராட்டியுஞ் சரி. சித்த கிட்ட நகந்து உக்காருங்க. இது சத்தமாப் பேசற விசயமில்ல.

உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவன் பேரு பராகா. ஆப்பிரிக்காப் பையன், தான்சானியாக்காரன். இங்க காலேஜுல பார்மசி படிச்சான். இந்த ஏரியாவுல பதினோரு ஊடு ஏறி எறங்கியிருக்கறான், ஒருத்தரும் தரலீங்க. நாந்தான் குடுத்தேன். அத நீங்க மனசுல வெச்சுக்கோணும். முப்பத்தொரு வருசம் மில்லுல மேஸ்திரியா இருந்தவனுங்க நான். எல்லாச் சாதிசனமும் என்ற கையில வேலை பாத்திருக்குது. எனக்கு அந்த பேதமெல்லாம் கெடையாது.

ரெண்டே கண்டிசன்தான் போட்டேன். முன்படி வேண்டாம், பின்னாடி இரும்புப் படில ஏறி எறங்கிக்க. அப்புறம், காலைல நான் வண்டிய எடுத்துட்டு வெளிய கெளம்பறப்ப எதுக்கால வந்துராத. தப்பா ஒண்ணுமில்லீங்க, ஒரு சகுனத்துக்குத்தான். அவன் சிரிச்சுட்டே சரிங்கன்னான். ரெண்டு வருசம், என்ற ஸ்கூட்டர் தெருமுக்குத் திரும்பற வரைக்கும் மேலயே நின்னுட்டு அப்புறந்தான் எறங்குவான். அவ்வளவு மரியாதை தெரிஞ்ச பையன்.

தமிழெல்லாம் எங்கூட்டுக்காரிதான் சொல்லிக் குடுத்தா. மயிலாத்தான்னு பேரு அவளுக்கு. பள்ளிக்கூடம் மூணாவது தாண்டாதவ, எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது. ஆனா வாயி நல்லா வரும். அவன் பேசுனா நம்ம ஊரு சந்தையில நிக்கறவனாட்டமே பேசுவான். 'வாரனுங்க, போறனுங்க'ன்னு. அவள அம்மாம்பான், என்னைய அப்பாம்பான். நான் அப்படிக் கூப்புடச் சொன்னதில்ல, அவனா ஆரம்பிச்சது.

ஒரு நாளு அவ பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. நான் ரேசன் கடைக்குப் போயிருந்தேன். சத்தங் கேட்டு மேலிருந்து ஓடியாந்து, அப்படியே ரெண்டு கையில ஏந்திக்கிட்டு, ரோடு வரைக்கும் நடந்து ஆட்டோ புடிச்சுப் போயிருக்கறான். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேர்றப்ப ஃபாரத்துல கையெழுத்தெல்லாம் போட்டு முடிச்சிருந்தான். நர்சம்மா அவளக் கேட்டுதாமா, இது யாருங்கம்மான்னு. என்ற பையன்னு சொல்லியிருக்கறா. நர்சம்மா சிரிச்சுதாமா. இவ சிரிக்கலியாமா.

எங்களுக்குக் கொழந்தைங்க இல்லீங்க. சொன்னனா? இல்லீங்க.

சரி, விசயத்துக்கு வாரேன். முக்குல ஒரு பேக்கரி இருக்குது, வர்றப்பப் பாத்திருப்பீங்க. காலைல ஏழு மணிக்கு அங்க நாங்க ஒரு ஏழெட்டுப் பேரு சேருவோம். நாச்சிமுத்துன்னு ஒருத்தரு, சாயங்காலப் பேப்பர் ஒண்ணுக்குக் கார்ட்டூன் போடறவரு. பேப்பர் பேரு எதுக்குங்க, விடுங்க. அவரு சொந்தமா யோசிச்சுப் போடற ஆளில்ல. ஒரு டீய வாங்கி வெச்சுட்டு நாங்க பேசறதக் கேட்டுட்டே உக்காந்திருப்பாரு. நல்லதா ஒண்ணு விழுந்துச்சுன்னா அன்னிக்குப் பொழுதோட பேப்பர்ல வந்துரும். ஆனா சும்மா எடுத்துக்க மாட்டாருங்க, நாணயமான மனுசன். படத்துக் கீழ மூலைல பொடுசா ஒரு டீ கிளாஸ் வரைவாரு. அந்த கிளாஸ்மேல, சொன்ன ஆளோட பேரெழுத்தப் போடுவாரு. என்ற பேரு குழந்தைவேலு. எனக்கு 'கு.வே.'

எங்க செட்டுல அது ஒரு பெரிய கவுரவமுங்க. வெளியாளுக்குத் தெரியாது, பேக்கரிக்காரங்களுக்கு மட்டுந் தெரியும். ஒருக்கா நான் குழாத்தண்ணி பத்தி ஒண்ணு சொன்னேன். என்ற தங்கச்சி மகளுக்குத் தண்ணி வர்ற நாளாப் பாத்துத்தான் முகூர்த்தம் வெச்சிருக்கோம்னேன். அன்னிக்கே வந்துருச்சு. கு.வே. கிளாசோட. அதை வெட்டி ஃப்ரிட்ஜுமேல ஒட்டி வெச்சேன். பராகா தண்ணி பாட்டில் எடுக்க வந்தப்ப அவனுக்குக்கூட... ஆங், அத அப்புறம் சொல்றேன்.

போன வருசம் ஆவணில ஊட்டுக்குப் பெயிண்ட் அடிச்சோம். வெளிப்பக்கம் எலுமிச்சங் கலரு, கேட்டுக்கு வெள்ளி. கேட்டுல அந்த மயிலு பாத்தீங்களா, அது நானே சொல்லிச் செஞ்சது. பெயிண்ட் அடிச்ச ஊடு பளபளன்னு நிக்குது. கொக்கி அடிச்சாச்சு, பூசணிக்காய் இன்னும் வாங்கலை. அடுத்த நாளு பேக்கரில பேச்சு வந்துச்சு. என்னண்ணா, ஊடு இப்படி மின்னுது, திருஷ்டிக்கு ஒண்ணும் கட்டலையான்னு. அதுக்கு யாரோ ஒருத்தரு சொன்னாங்க, பூசணிக்காய் எதுக்கு, அதான் மாடில ஒண்ணு நிக்குதேன்னு. எல்லாருஞ் சிரிச்சாங்க. டீயக் குடிச்சுட்டு அவங்கவங்க ஊட்டுக்குப் போயிட்டோம்.

அன்னிக்குப் பொழுதோட பேப்பர் வந்துச்சு.

என்ற ஊடுங்க. மயிலு கேட்டு அப்படியே இருக்குது, இம்மி பெசகாம. பால்கனில கொக்கி. கொக்கிக்குக் கீழ ஒரு மூஞ்சி. மசியக் கொட்டுனாப்ல கறுப்பு. உதடு ரெண்டும் டயராட்டம். கண்ணு வெளிய பிதுங்கிக்கிட்டு, நாக்கு தொங்கிட்டு. தலையில பூசணிக்காய்க் காம்பு. கீழ ரெண்டு பேரு நின்னு பேசிக்கிறாங்க. புது பெயிண்டுக்குத் திருஷ்டி கழிக்கலையா? எதுக்கு, அதான் மாடிய வாடகைக்கு விட்டிருக்கறனே!

நான் மொதல்ல எதப் பாத்தேன்னு உங்ககிட்டச் சொல்லீரணும். மூஞ்சியப் பாக்கலீங்க. மூலையப் பாத்தேன். கிளாஸ் இருக்குதா, எழுத்து இருக்குதான்னு. இருந்துச்சு. கு.வே.

யாரோ ஒருத்தருன்னு சொன்னனில்லீங்களா. நாந்தான்.

கோவிச்சுக்காதீங்க தம்பி, நாலு பேரு சேர்ற எடத்துல நாலு பேச்சு வரும். நான் பூசணிக்காயத்தான் சொன்னேன், அவனையா சொன்னேன்? அவனச் சொல்லோணும்னு எனக்கென்ன? இவ்வளவு அசிங்கமா வரைவாருன்னு எனக்கெப்படித் தெரியும்? நான் சொன்னது ஒரு வார்த்தை. வரைஞ்சது அவரு. ஆனாலும் சொல்றேன், அந்த எழுத்தப் பாத்த ஒடனே மனசுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சுங்க. வரலைன்னு சொன்னா பொய்யி. அப்புறந்தான் மூஞ்சியப் பாத்தேன். பின்படியில அவன் செருப்புச் சத்தங் கேட்டுச்சு. பேப்பரக் கொண்டு போயி வெந்நி அடுப்புல போட்டுட்டேன்.

பேப்பர எரிச்சா முடிஞ்சு போகுமா? யாரோ காலேஜ் பசங்க ஃபோன்ல போட்டோ புடிச்சு அவனுக்கு அனுப்பியிருக்கறாங்க. அடுத்த நாளு தெருவுல கிரிக்கெட் ஆடற பொடுசுங்க அவனப் பாத்து, பூசணிக்கா பூசணிக்கான்னு கத்துதுங்க. நானே என்ற காதால கேட்டேன். அவன் நின்னு அதுங்கள ஒருக்காப் பாத்துட்டு, பின்னாடி போயி ஏறிட்டான். மயிலாத்தாதான் வெளக்கமாத்த எடுத்துட்டுப் போயி அதுங்களத் தொரத்துனா. இடுப்பு சரியில்லாதவ. அந்தப் பேப்பர்க்காரன் கை வெளங்காமப் போகன்னு தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்துனா.

ரெண்டு நாளு கழிச்சு அவன் கீழ வந்தான். நல்ல சட்டை போட்டுட்டு, இன் பண்ணியிருந்தான். அப்பா, நான் பேப்பர் ஆபீசுக்குப் போறனுங்க, நீங்களுங் கூட வாங்கன்னான். என்னத்துக்குடா கண்ணு, ரெண்டு நாளுல மறந்துருவாங்க, உடுன்னேன். இல்லீங்கப்பா, கேக்கோணும், நீங்க வந்தீங்கன்னா நல்லாருக்கும்னான். அவ உள்ளிருந்து சொல்றா, போயிட்டு வாங்க, ஊட்டுக்காரர் நீங்க போயிக் கேக்காம யாரு கேப்பாங்கன்னு. வேட்டிய எடுத்துக் குடுக்கறா. வரலைன்னு எப்படிச் சொல்ல முடியுமுங்க? வரமாட்டேன்னா ஏன்னு கேப்பாங்களே.

போனேன். ஸ்கூட்டர்ல பின்னாடி அவன். வழியெல்லாம் எனக்கு ஒரே கணக்குதான். ஃபோன்ல வந்த போட்டோவுல மூலை தெரியாது, பாதிப் படந்தான் இருக்கும். நாச்சிமுத்து ஆபீசுல இருக்க மாட்டாரு, காலைல படத்தக் குடுத்துட்டுப் போயிருவாரு. எடிட்டருக்கு அந்த கிளாஸ் சமாச்சாரமே தெரியாது. சரி, தப்பிச்சுக்கலாம்.

எடிட்டர் நல்ல மனுசன். உக்காருங்கன்னாரு. டீ சொன்னாரு. அன்னிக்குப் பேப்பர எடுத்து மேசைமேல விரிச்சு வெச்சாரு. என்ற பக்கத்துலதான் அந்த மூலை வந்துச்சுங்க. பொடுசா கிளாஸ். நான் கைய எடுத்து அதும்மேல வெச்சேன். சும்மா மேசைமேல கைய ஊனற மாதிரி.

பராகா பேசுனான். நான் பாத்துட்டே இருந்தேன், கத்துவானோன்னு. கத்தலை. எடிட்டர் மொதல்ல, தம்பி, இது சும்மா சிரிப்புக்குத்தான, நாங்க மந்திரியவே எப்படியெல்லாம் வரையறோம், அவரே ஒண்ணும் சொல்றதில்லைன்னாரு. அதுக்கு இவன், மந்திரிய அவரு செஞ்சதுக்கு வரையறீங்க, நான் என்னங்க செஞ்சேன்னு கேட்டான்.

அப்புறஞ் சொன்னான், டவுன் பஸ்ஸுல என்ற பக்கத்து சீட்டு காலியாவே இருக்குமுங்க. நின்னுட்டு வருவாங்க, உக்கார மாட்டாங்க. ரெண்டு வருசமா ஏன்னு யோசிச்சேன். சின்னக் கொழந்தைங்க என்னையப் பாத்தாச் சிரிக்குமுங்க, பயப்படாது. அதுங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்கறீங்க, இது பயப்படற மூஞ்சின்னு. இந்த மூஞ்சி எங்கம்மா மூஞ்சிங்க. எல்லாரும் சொல்லுவாங்க, அம்மாவ உரிச்சு வெச்சிருக்குதுன்னு. எங்கம்மாவ நீங்க வாசல்ல கட்டித் தொங்க விட்டிருக்கறீங்க.

எடிட்டர் என்னையப் பாத்து, நீங்க ஊட்டு ஓனருங்களா, நீங்க என்ன சொல்றீங்கன்னாரு. நான் பேசுனேன் தம்பி. அப்படிப் பேசுனேன். எங்கூட்ல ஒரு பையனாட்டம் இருக்கறவன இப்படிப் போடலாமா, என்ற சம்சாரத்தக் கையில ஏந்திட்டுப் போனவனுங்க இவன், மனுசன மனுசனாப் பாக்கத் தெரியாதவனுக்குக் கையில எதுக்குங்க பேனா, இத வரைஞ்சவனக் கூப்புடுங்க, நாலு வார்த்தை கேக்கோணும்னேன். அத்தனையும் உள்ளிருந்து வந்த வார்த்தைங்க. அத்தனையுங் கைய எடுக்காமச் சொன்னேன்.

கூப்புட்டாங்க. நாச்சிமுத்து உள்ள வந்தாரு. இருந்திருக்கறாரு ஆபீசுல. எடிட்டர் கோவமா, யாருய்யா உனக்கு இந்த ஐடியாவக் குடுத்தாங்கறாரு. நாச்சிமுத்து என்னையப் பாத்தாரு. அப்புறம் என்ற கையப் பாத்தாரு. நானே யோசிச்சதுங்க, தப்புதானுங்க, மன்னிச்சுக்க தம்பின்னு பராகாவப் பாத்துக் கும்புட்டாரு. டீ ஆறிட்டு இருக்குது. நான் அப்பச் சொல்லியிருக்கலாமுங்க. வாயத் தொறந்திருந்தாப் போதும். நான் சொல்லலை.

மறுநாளு ரெண்டு வரி வருத்தம் போட்டாங்க. நாச்சிமுத்துவ நிறுத்திட்டாங்க. இருபத்தாறு வருசம் வரைஞ்சவரு. அவரு அதுக்கப்புறம் பேக்கரிக்கே வர்றதில்ல. எதுக்கால ஒருக்காப் பாத்தேன், ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டாரு.

அது கெடக்கட்டும். ஆபீசுல இருந்து எறங்கி வர்றோம். மாடிப்படி. எனக்குப் பெருமையா இருந்துச்சு, பயமுந் தெளிஞ்சு போச்சு. பாத்தியாடா கண்ணு, அப்பா எப்படிக் கேட்டேன்னு அவன் தோள்மேல கையப் போட்டேன். அவன் நின்னுட்டான். படியில எனக்கு ரெண்டு படி கீழ.

உங்க கைய எப்ப எடுப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேனுங்கன்னான்.

எனக்குப் புரியலை. புரிஞ்சுது, ஆனாப் புரியாத மாதிரி நின்னேன். அவனே சொன்னான், அந்த கிளாஸ் என்னன்னு நீங்கதானுங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, ஃப்ரிட்ஜு முன்னாடி நின்னுட்டு, கு.வே.ன்னா நாந்தான்னு. போட்டோவுல மூலையும் இருந்துச்சுங்க. அதனாலதான் உங்களக் கூட்டிட்டு வந்தேன். அங்க வந்தாச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நான் நாச்சிமுத்துவப் பாக்க வரலீங்க.

ஆமாங்க. தண்ணி பாட்டில் எடுக்க வந்தவன நிறுத்தி, விரல வெச்சுக் காட்டி, பெருமையாச் சொல்லிக் குடுத்தேன். சொல்லிக் குடுத்தவனுக்கு மறந்து போச்சு. கத்துக்கிட்டவனுக்கு மறக்கலை.

நான் என்னமோ சொல்ல ஆரம்பிச்சேன். தமாசுக்குத்தான்னோ என்னமோ. அவன் கேட்டுட்டு, ஹெல்மெட்டப் போடுங்க சார், போலாம்னான்.

சார்னான் தம்பி.

ஊட்டுக்கு வந்தா அவ வாசல்ல நிக்கறா. என்னாச்சு, கேட்டீங்களாங்கறா. எனக்கு உசுரே இல்ல. இவன் வாயத் தொறந்தா முடிஞ்சுது. அவன் அவளப் பாத்து, நல்லாக் கேட்டாருங்கம்மான்னு சொல்லிட்டுப் பின்படிக்குப் போயிட்டான். அவ்வளவுதான். அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவன் சொல்லலை. ஒரு மாசம் இங்கதான் இருந்தான், அவகிட்டச் சிரிச்சுப் பேசிட்டு, அவளுக்கு இடுப்பு வலிக்கு ஊசி போட்டுட்டு. அப்புறம் காலேஜ் பக்கத்துல ரூமு கெடச்சுருச்சுன்னு காலி பண்ணிட்டான். பொட்டியத் தூக்கிட்டு எறங்கறப்ப, முன்னாடி வாடா சாமின்னு கூப்புட்டேன். பழகிருச்சுங்க சார்னு பின்படிலயே போனான். அவ அன்னிக்கெல்லாம் சோறு திங்கலை. இவ்வளவு செஞ்சும் புள்ள நிக்கலியேன்னு என்னையக் கட்டிட்டு அழுகறா. என்ற தோள்ல சாஞ்சுட்டு, நீங்களுந்தான் என்ன பண்ணுவீங்கன்னு என்னையத் தேத்தறா.

அப்புறமேலு மாடிக்கு ரெண்டு மாசமா ஆளு வரலை. திருஷ்டிதான்னு நான் போயி ஒரு பூசணிக்காய் வாங்கியாந்தேன். கடைல மூஞ்சி வரைஞ்சேதான் குடுப்பாங்க, கறுப்பும் செவப்பும் போட்டு. ஸ்டூலப் போட்டு ஏறுனேன். அவ வெளிய வந்து பாத்தா. இங்க குடுங்கன்னு வாங்கிட்டுப் போனா. தொட்டித் தண்ணில வெச்சு, தேங்கா நாரப் போட்டு, அந்தக் கண்ணு, அந்த உதடு, அந்த நாக்கு எல்லாத்தையும் தேச்சுத் தேச்சுக் கழுவுனா. கொழந்தைக்கு மூஞ்சி கழுவி உடற மாதிரிங்க. அப்புறம் அதச் சமையக்கட்டுல மூலையில வெச்சுட்டா. அறுக்கவும் இல்ல. அழுகற வரைக்கும் அங்கயே இருந்துச்சு. அன்னில இருந்து கொக்கி சும்மா கெடக்குது.

அவன் படிப்ப முடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டானுங்க. ஞாயித்துக்கெழமை ஆனா அவளுக்கு ஃபோன் வரும். அம்மா, இடுப்பு வலி எப்படி இருக்குதுன்னு கேப்பான். அவன்ற அம்மாகூட ஒருக்கா வீடியோ ஃபோன்ல வந்து சிரிச்சுது. அவன் சொன்னது நெசந்தான், அதே மூஞ்சி. அவ பேசி முடிச்சு என்ற கையில குடுப்பா. நல்லாருக்கீங்களா சார்ம்பான். நல்லாருக்கறேன் கண்ணும்பேன். அவ்வளவுதான். தப்பு என்றதுதான்டான்னு சொல்லிரலாம்னு ஒவ்வொரு வாட்டியும் வாய் வரைக்கும் வரும். பக்கத்துலயே அவ உக்காந்திருப்பா.

இதோ, டம்ளர் சத்தங் கேக்குது. வந்துட்டா. நிமுந்து உக்காருங்க. உங்களுக்கும் இப்பச் சொல்லுவா பாருங்க, மாடி பாக்க வர்ற எல்லாருக்கும் சொல்லுவா. எங்கூட்டுக்காரரு பேப்பர் ஆபீசுக்கே போயி, அந்தப் பையனுக்காக எடிட்டர நேருக்கு நேரா நின்னு கேட்டுட்டு வந்தாருன்னு. பெருமையாச் சொல்லுவா. சொல்றப்ப அவ மூஞ்சி அப்படிப் பூரிக்கும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் தம்பி, ஆமாங்கம்மான்னு கேட்டுக்குங்க. அவ சொல்லி முடிக்கற வரைக்கும் என்ற கைய மட்டும் பாக்காதீங்க.